மூன்றாவது பூச்சு

முயல்தோல் பசையைக் கொதிக்க விட்டால் காரியம் கெட்டது. சூடாகவும் இருக்க வேண்டும், கொதிக்கவும் கூடாது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு நிலோஜினி மின்னடுப்பின் முன்னால் நின்று, தண்ணீர்ச் சட்டிக்குள் பசைச் சட்டியை இறக்கி வைத்து, கைக்குழந்தைக்குப் பால் ஆற்றுகிறவளைப் போல அதை விட்டுக் கண்ணை எடுக்காமல் கிண்டிக்கொண்டிருந்தாள்.

லோசானுக்கு மேற்கே ரெனோனில், ஒரு பழைய அச்சுக்கூடத்தின் இரண்டாம் மாடியில் அவளுடைய ஸ்டூடியோ இருந்தது. கிழமையில் மூன்று நாள் பள்ளிக்கூடமொன்றில் சித்திரம் படிப்பிப்பாள். மிச்ச நாள் இங்கே. படம் கீறுகிறவள் என்று சொன்னால் எங்கள் சனம் உடனே, “அது சரி, வேலை என்ன?” என்று கேட்கும். அப்படிக் கேட்காத ஒரே ஆள் அவளுடைய அப்பா யோகலிங்கம்தான். மட்டக்களப்பிலிருந்து வந்து, ஆஸ்பத்திரி வார்டுகளில் முப்பத்தொரு வருடம் நிலம் துடைத்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். மகள் என்ன செய்கிறாள் என்று யாரும் கேட்டால், “அவள் ஸ்டூடியோவில நிக்கிறாள்” என்பார். சொல்லும்போது வேட்டியை மடித்துக் கட்டுகிறவர் மாதிரி உடம்பு கொஞ்சம் நிமிரும்.

அந்த அப்பாவுக்குச் செவ்வாய்க்கிழமை ஒப்பரேசன். தொண்டையில் வந்த கட்டி குரல்வளையைப் பிடித்துவிட்டது; முழுதாக எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு அவர் நடப்பார், சாப்பிடுவார், சிரிப்பார். கழுத்தில் ஒரு துவாரத்தால் மூச்சு விடுவார். பழகினால் ஒரு கருவியைப் பிடித்து ஏதோ ஒரு குரலில் கதைக்கவும் செய்யலாமாம். ஆனால் அது அவருடைய குரலாக இராது.

குரல் போகுமுன் பதிந்து வையுங்கள் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு பட்டியல் தந்தாள். எனக்குத் தாகமாக இருக்கிறது, எனக்கு நோகிறது, யன்னலைத் திறவுங்கள். எல்லாம் பிரெஞ்சில். பிரெஞ்சில் பதிந்தால் அதைக் கொண்டு ஒரு செயலி அவர் குரலிலேயே பேசுமாம். தமிழுக்கு அந்த வசதி கிடையாது. தமிழில் வேண்டுமென்றால் ஒவ்வொரு வசனமாகச் சொல்லவைத்து நாங்களே சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தப் பொறுப்பை நிலோஜினி எடுத்துக்கொண்டாள். அவள் ஒன்றை எடுத்தால் அரைகுறையாக எடுக்க மாட்டாள். சிநேகிதனிடம் நல்ல மைக் ஒன்று இரவல் வாங்கினாள். அறுபத்திரண்டு வசனம் எழுதினாள். எதிரொலி வராமல் சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டாள். திங்கள் காலை பத்து மணிக்கு அப்பா வந்து கதிரையில் இருப்பார். அவர் கதைக்கக் கதைக்க அவள் பதிவாள். பதியப் பதிய அவர் முகத்தைக் கீறுவாள். குரலும் முகமும் ஒரே நாளில். அதற்குத்தான் இந்தப் பலகை, இந்தப் பசை, இந்த வெள்ளைப் பூச்சு.

அப்பாவைக் கீறப் போகிறேன் என்று அவள் சொல்லத் தொடங்கி ஒன்பது வருடம். முதலில் கை பதப்படவில்லை. பிறகு வெளிச்சம் சரியில்லை. பிறகு ஒரு கண்காட்சி முடியட்டும் என்றாள், அது முடிந்ததும் அப்பா ஓய்வு பெறட்டும் என்றாள். ஆயத்தம் என்று வந்துவிட்டால் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆரம்பம் என்று வந்தால்தான் ஆளைப் பிடிக்க முடியாது. வெள்ளை அடித்த கன்வஸ் கடையில் ஆயத்தமாக விற்கிறது. சனிக்கிழமை போயிருந்தால் பத்து நிமிட வேலை. ஆனால் அப்பாவின் முகத்தைக் கடைச்சாமானில் கீறுவதா? பழைய ஓவியர்கள் செய்தது போலப் பலகையில் துணி ஒட்டி, பசையும் சுண்ணப் பொடியும் கலந்து, மூன்று பூச்சுப் பூசி, ஒவ்வொன்றும் காய்ந்ததும் அரத்தாளால் தேய்த்து, முட்டை ஓடு மாதிரி வழுவழுப்பாக்கினால்தான் அவளுக்கு நிம்மதி. காலை ஒன்பதுக்கு முதல் பூச்சு. இரண்டு மணிக்கு இரண்டாவது. மாலை ஏழுக்கு மூன்றாவது. இரவு காய்ந்தால் காலை பத்துக்குத் தயார். ஒரு பூச்சுப் பிந்தினாலும் திங்கள் தவறிவிடும்.

இந்தக் கணக்குக்கு நடுவில்தான் கப்பல் வந்து விழுந்தது. முப்பத்தைந்து வருடமாக லோசானில் இருந்தும் யோகலிங்கம் ஏரிக் கப்பலில் ஒரு நாளும் ஏறியதில்லை. சனி ஞாயிறில் அவருக்கு வேலை. வேலையில்லாத ஞாயிறில் நித்திரை. ஒப்பரேசனுக்குத் திகதி குறித்த அன்று, “ஒருக்கா அந்தக் கப்பலில போவமோ?” என்று மட்டும் கேட்டார். வில் நகரில் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை செய்கிற மூத்தவன் கிருபன் அன்றைக்கே ரிக்கெற் போட்டுவிட்டான். அவன் மனைவி வினோதாவுக்கு முதியோர் இல்லத்தில் ஞாயிறு வேலை, வர முடியவில்லை. பதினைந்து வயது மகள் கோபிஷாவைக் கூட்டிக்கொண்டு விடியவே ரயில் ஏறியிருந்தான். பன்னிரண்டு மணிக் கப்பல். ஊஷித் துறையிலிருந்து சியோன் கோட்டை வரை போய் அதிலேயே திரும்பி வருவது.

முதல் பூச்சைப் பூசி முடித்ததும் நிலோஜினி அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“அண்ணா, கப்பலில வச்சு அப்பான்ட குரலை போனில ரெக்கோட் பண்ணுற வேலை ஒண்டும் செய்யாதைங்கோ. காத்தும் எஞ்சினும் சேந்து குப்பையாப் போயிடும். அவருக்கும் தொண்டை களைச்சிடும். நாளைக்கு நான் ஒழுங்காச் செய்யிறன்.”

“சும்மா ஞாபகத்துக்கு ஒண்டு ரெண்டு...”

“வேண்டாம். கோபிஷாட்டையும் சொல்லி வையுங்கோ.”

“சரி, நீ சொன்னாச் சரி,” என்றான் கிருபன். வீட்டில் படித்தவள் அவள்தான் என்று அவனுக்கு எப்போதும் ஒரு மரியாதை.

ஊஷியில் மெட்ரோவை விட்டு இறங்கி, மஞ்சள் தோள்பையைக் கொழுவிக்கொண்டு அவள் துறையை நோக்கி விறுவிறென்று நடந்தாள். பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம். ஒரு கிழவர் அவளைத் தாண்டிப் போய், முன்னால் திரும்பி நின்று, முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்கினார். பார்த்தால் அப்பா.

“அப்பா! என்ன இது, இந்த உடம்போட ஓடி வாறீங்கள்?”

“நானும் அம்மாவும்... அந்த மெட்ரோவிலதான்... கடைசிப் பெட்டி. அவ பின்னால வாறா.” குரல் மாசி மாதத்திலிருந்தே கரகரத்துப் போயிருந்தது. “நீ முன்னால போறதைக் கண்டனான்.”

“கூப்பிட்டிருக்கலாமே!”

“போற புள்ளையைப் பின்னால கூப்பிடுறதோ?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது இந்த வீட்டின் பழைய கூத்து. ஒருவர் புறப்பட்டுப் போகும்போது பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போகிற காரியம் சரிவராது என்று நம்புகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் யோகலிங்கம் அளவுக்கு அதைக் காலால் காப்பாற்றியவர் இல்லை. அவள் சின்னப் பிள்ளையாகச் சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனால், மாடியிலிருந்து ஒரு சத்தம் போட்டால் முடிகிற விசயத்துக்கு, நாலு மாடி இறங்கி, அடுத்த தெருவால் சுற்றி ஓடி, அவளுக்கு முன்னால் வந்து நிற்பார். மூச்சிரைக்கப் பெட்டியை நீட்டிய பிறகுதான், முகத்தைப் பார்த்து, “நிலோஜினி” என்பார். எல்லாருக்கும் அவள் நிலோ. பள்ளிக்கூடத்திலும் நிலோ, அம்மாவுக்கும் நிலோ. முழுப் பெயரையும் சொல்கிற ஒரே வாய் அப்பாவுடையது. நடுவில் கொஞ்சம் இழுத்து, கடைசியில் மெல்ல இறக்கி.

“நிலோஜினி,” என்றார் இப்போதும், முன்னால் நின்று. “வந்திட்டியோ?”

“வந்திட்டன் அப்பா,” என்றபடி அவள் நேரத்தைப் பார்த்தாள். பிற்பாடு அதை எத்தனையோ தரம் நினைத்தாள். அந்தப் பெயரை அவர் சொல்லிக் கேட்கிற கடைசித் தரம் அது என்று யாராவது சொல்லியிருந்தால், மணிக்கூட்டைக் கழற்றி ஏரியில் எறிந்திருப்பாள்.

கப்பலின் பின்தளத்தில் இடம் கிடைத்தது. அம்மா ஜெயகௌரி பையைத் திறந்ததும் றோல்ஸ், கட்லட், சம்பல், பிளாஸ்க்கில் தேத்தண்ணி எல்லாம் வரிசையாக வந்தன. பக்கத்து மரவாங்கில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி மணத்துக்கே திரும்பிப் பார்த்தாள். அம்மா அவளுக்கும் ஒரு றோல்ஸ் கொடுத்தாள். அப்பாவால் விழுங்க முடியாது. அவருக்குச் சூப். சூப்புக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, கரையிலே அடுக்கடுக்காக ஏறிப் போகிற திராட்சைத் தோட்டங்களைப் பார்த்தபடி இருந்தார். தலையில் கிருபனின் தொப்பி. சிறு பிள்ளை போல முகமெல்லாம் சந்தோசம்.

“அங்க பார், அந்த மேட்டில தெரியுது ஆஸ்பத்திரி,” என்றார். “செவ்வாய்க்கிழமை அங்கதான் ஐயா. நான் துடைச்ச நிலம், எனக்கு வழுக்காது.”

“சும்மா இருங்கோ,” என்றாள் அம்மா.

“நிலோ, எங்க உன்ட முயல்?” அண்ணன் பேச்சை மாற்றினான்.

முயல்தோல் பசை என்றதும் அப்பாவுக்குக் குதூகலம். “வெள்ளிக்கிழமையில முட்டை கூடத் தொடாத மனுசன்ட படத்துக்கு ஒரு முயலைக் கொண்டிருக்கிறாள்! பாவம் அது, என்ட மூஞ்சைக்குக் கீழ போய்க் கிடக்கப் போகுது.” எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கும்போது தொண்டைக்குள் ஒரு விசில் கேட்டது. அந்த விசில் போன கிழமை இருக்கவில்லை. நிலோஜினிக்கு அது காதில் விழுந்தது. நாளைக்கு மைக்கில் அதையும் பிடிக்குமே, எப்படித் தவிர்ப்பது என்றுதான் அவள் மூளை ஓடியது.

பன்னிரண்டரை ஆகியது. கப்பல் குய்யித் துறையை நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் எழும்பிப் பையைத் தோளில் போட்டாள்.

“நான் இதில இறங்கிறன். இதில இறங்கினா பத்து நிமிசத்தில றெயின். ரெண்டாவது பூச்சு ரெண்டு மணிக்குப் பூசோணும்.”

அம்மா கட்லட்டைக் கையில் வைத்தபடி அவளைப் பார்த்தாள். “அரை மணித்தியாலத்துக்கோ வந்தனி? அந்தாள் ஆசைப்பட்டுக் கேட்டது. ஒரு நாளைக்குச் சும்மா வந்து இருக்கமாட்டியோ?”

“அம்மா, அப்பாவுக்காகத்தான் போறன். விளங்காமக் கதைக்காதைங்கோ.”

“கோட்டை வரைக்கும் வந்திட்டுப் போவன் புள்ள,” என்றார் அப்பா.

அவர் இப்படிக் கேட்கிற ஆள் இல்லை. வாழ்நாளில் மகளிடம் ஏதும் கேட்டதாக அவளுக்கு ஞாபகமில்லை. அந்த ஒரு வசனத்துக்கு அவள் என்ன செய்திருக்க வேண்டும்? பையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அவளோ பூச்சுப் பற்றிப் பாடம் எடுத்தாள். முதல் பூச்சு நெடுநேரம் காய்ந்தால் அடுத்தது பிடிக்காது என்றாள். பசை நாளைக்கு வைத்தால் நாறிவிடும் என்றாள். மூன்றாவது பூச்சு இரவிலேயே காய வேண்டும் என்றாள். ஆஸ்பத்திரி மேற்பார்வையாளர் நிலம் துடைக்கிற புது மருந்துத் தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போது கேட்கிற மாதிரி யோகலிங்கம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

“விடுங்கோப்பா,” என்றார் மனைவியிடம். “அவளுக்கு வேலை கிடக்கு. நாளைக்கு முழுநாளும் என்னோடதானே.”

“ஓம், நாளைக்கு முழுநாளும்!” என்றாள் அவள். படியில் இறங்கும்போது, “பத்து மணி அப்பா, பிந்தாதைங்கோ,” என்று சொல்லிவிட்டுப் போனாள். போட்டு வாறன் என்று கூடச் சொல்லவில்லை.

ரயிலுக்கு ஏழு நிமிடம் இருந்தது. துறையிலிருந்து ஸ்டேசனுக்கு ஏற்றம். போனில் நேரத்தைப் பார்த்துப் பார்த்து ஓடினாள். பின்னால் கப்பல் ஊதியது. ரயில் கிடைத்துவிட்டது.

அந்தப் பின்னேரம் போல அவள் ஒரு நாளும் திருத்தமாக வேலை செய்ததில்லை. இரண்டாவது பூச்சுக் குறுக்குவாட்டில், ஒரு கோடு தெரியாமல் விழுந்தது. அது காய்கிற நேரத்தில் தூரிகைகளைக் கழுவி நுனி பிடித்து அடுக்கினாள். யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையை வைத்து, அதில் தானே இருந்து பார்த்து, அப்பாவின் உயரத்துக்கு மைக்கை ஏற்றி, கதிரைக் கால்கள் நிற்கிற இடத்தைச் சோக்கால் குறித்தாள். “ஒண்டு, ரெண்டு, மூண்டு,” என்று மைக்கில் சொல்லிக் கேட்டாள். ஒரு இரைச்சல் இல்லை. வசனப் பட்டியலை அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமல் வாசிக்கப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். பசிக்குது. தண்ணி தா. அம்மாவைக் கூப்பிடு. சாப்பிட்டியோ? எங்க நிக்கிறாய்? தன்னுடைய பெயரை அதில் அவள் எழுதவில்லை. அதை எழுதி வைத்தா அப்பாவைச் சொல்ல வைப்பது என்று இருந்துவிட்டாள்.

ஏழு மணிக்கு மூன்றாவது பூச்சு. கையெல்லாம் வெள்ளை என்பதால் போனை முன்னறையில், பைக்குள்ளேயே விட்டிருந்தாள். யன்னல் நிறைய ஆடிமாத வெயில் இன்னும் இருந்தது. பூசி முடித்து, கை கழுவி, தள்ளி நின்று பார்த்தாள். ஒரு குற்றம் சொல்ல முடியாது. அப்பாவுக்கு ஒரு படம் எடுத்து அனுப்பலாம் என்று போனை எடுத்தபோதுதான், தவறிய அழைப்புகள் ஒன்பது என்று கண்டாள்.

கப்பலால் வந்து வீட்டு மாடிப்படி ஏறும்போது அப்பாவுக்கு மூச்சு நின்று நின்று வந்ததாம். அம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கழுத்தில் துவாரம் போட்டுக் குழாய் வைத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. மூச்சு இனி அந்தக் குழாயால்தான். குரலுக்கு வழி அடைபட்டுவிட்டது. செவ்வாய்க்கிழமை ஒப்பரேசன் குறித்தபடியே நடக்கும் என்றார்கள், நடந்தது. திங்கள் என்ற ஒரு நாள் மட்டும் இடையில் காணாமல் போய்விட்டது.

ஆஸ்பத்திரி நடையில் அம்மா தனியாக வாங்கில் இருந்தாள். ஏதாவது ஏசுவாள் என்று நிலோஜினி எதிர்பார்த்தாள். ஏசியிருந்தால் அழுதிருக்கலாம். அம்மா அவளுடைய கையைப் பிடித்து, நகக்கண்ணில் ஒட்டியிருந்த வெள்ளையைப் பார்த்து, “பூசி முடிச்சிட்டியோ?” என்று மட்டும் கேட்டாள்.

வியாழக்கிழமை கோபிஷாவிடமிருந்து தொலைபேசி வந்தது. பிள்ளை வில் நகருக்குத் திரும்பிப் போயிருந்தாள்.

“மாமி, கோவிக்காதைங்கோ. நீங்க வேண்டாமெண்டு சொன்னதை அப்பா எனக்குச் சொன்னவர். ஆனா நான் கப்பலில ரெண்டு வீடியோ எடுத்திட்டன். அப்பப்பாதான் எடுக்கச் சொன்னவர். சொறி மாமி.” அழுகிற குரல். “அனுப்பட்டோ, அழிக்கட்டோ?”

அழிக்கட்டோ என்று ஒரு பிள்ளை தன்னிடம் பயந்து கேட்கிற அளவுக்குத் தான் என்ன பெரிய ஆள் என்று நிலோஜினிக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. “அனுப்பு அம்மா,” என்றாள். ஸ்டூடியோவில், அப்பாவுக்குப் போட்ட கதிரையில் இருந்து, வெள்ளைப் பலகைக்கு முன்னால் அவற்றைப் போட்டுப் பார்த்தாள்.

இரண்டாவது வீடியோவைத்தான் முதலில் திறந்தாள். காற்று இரைச்சல், எஞ்சின் சத்தம், கப்பலின் துடுப்புச் சில்லு தண்ணீரை அடிக்கிற சத்தம். அதற்குள் அப்பா. “நாளைக்கு மாமிக்கு முன்னால தடுமாறப்படாது. ஒருக்காச் சொல்லிப் பாப்பம், எடு புள்ள.” தொப்பியைச் சரிசெய்துகொண்டு, போட்டோவுக்கு இருக்கிறவர் மாதிரி கையைத் தொடையில் வைத்துக்கொண்டு சொன்னார். “ஜெயகௌரி.” அம்மாவின் பெயரைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் வெட்கப்பட்டார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “கிருபன். வினோதா. கோபிஷா, என்ட செல்லம்.” இரைச்சலோடு இரைச்சலாக எல்லாம் தெளிவாகத்தான் கேட்டது. குப்பையாகப் போய்விடும் என்று அவள் சொன்ன காற்று, அந்தக் குரலை ஒன்றும் செய்யவில்லை.

“மாமின்ட பேர், அப்பப்பா?” கோபிஷாவின் குரல்.

“அவள் இப்ப வழியில போய்க்கொண்டிருக்கிற புள்ள. போய்க்கொண்டிருக்கிறவளைக் கூப்பிடப்படாது. நாளைக்கு முன்னால இருத்தி வச்சுச் சொல்லுவன்.”

அத்துடன் அது முடிந்தது. மற்றதைத் திறந்தாள். குய்யித் துறை. கோபிஷா திராட்சைத் தோட்டத்தைப் படம் எடுக்கத் தொடங்கியிருக்கிறாள். அதற்குள் அப்பா குறுக்கே வருகிறார். சூப்புக் கோப்பையை வாங்கில் வைத்துவிட்டு எழும்புகிறார். கப்பல் துறையை விட்டு மெல்ல நகர்கிறது. அவர் கம்பியைப் பிடித்தபடி தளத்தில் முன்பக்கமாக அவசர அவசரமாக நடக்கிறார். எதற்கு என்று வேறு யாருக்கும் விளங்காது. நிலோஜினிக்கு விளங்கியது. அவளைத் தாண்டி முன்னால் போய் நிற்கப் பார்க்கிறார். கப்பல் ஒரு பக்கம் போகிறது, அவள் மறுபக்கம் போகிறாள்; எவ்வளவு நடந்தும் முன்னால் வர முடியவில்லை. கடைசியில் கம்பி முடிகிற இடத்தில் நின்றுவிட்டார்.

“கூப்பிடுங்கோ அப்பப்பா, கேக்கும்.”

“ம்ஹூம். பின்னால கூப்பிடப்படாது.” மூச்சு வாங்கியது. “திரும்பிப் பாப்பாள். பாத்தாக் கூப்பிடுறன்.”

கமரா கரைக்குத் திரும்புகிறது. ஏற்றத்தில் ஒரு மஞ்சள் பை. குனிந்த தலை. கையில் போன். ஓடுகிறாள். கப்பல் ஊதுகிறது. எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அந்தச் சத்தத்துக்கும் அவள் திரும்பவில்லை. படத்தின் ஓரத்தில் அப்பாவின் வாய் பாதி திறந்தபடி இருந்தது; பிறகு மூடியது. பை சின்னதாகிச் சின்னதாகி, ஸ்டேசன் சுவருக்குப் பின்னால் மறைந்தது.

“அவசரம் புள்ளைக்கு,” என்றார் அப்பா.

நாற்பது விநாடி. அதை எத்தனை தரம் போட்டாள் என்று தெரியாது. ஒவ்வொரு தரமும், இந்தத் தரம் திரும்பிவிடுவாள் என்று ஒரு மூட எண்ணம். பழைய போன்களையெல்லாம் தோண்டினாள். அப்பா அனுப்பிய குரல் செய்திகள் நிறைய இருந்தன. “புள்ள, சாப்பிட்டியோ?” “மகள், மழை வருது, குடை கொண்டு போ.” அவளுக்கு மட்டும் அனுப்புகிற செய்தியில் பெயர் எதற்கு? ஒன்றிலும் இல்லை. கல்யாண வீட்டு வீடியோக்களில் அவர்தான் கமரா பிடித்தவர். “சிரியுங்கோ, சிரியுங்கோ” என்பது மட்டும் கேட்கிறது.

பத்து நாள் கழித்து அப்பாவைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். பின்னேரம் போனபோது கட்டிலில் சாய்ந்திருந்தார். கழுத்தில் கட்டு. மடியில், எழுதி அழிக்கிற ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனையும். அவளைக் கண்டதும் எழுதினார்: படம்?

“பலகை தயாரா இருக்கு அப்பா. வீட்டை வந்து வடிவாத் தேறின பிறகு.”

அவர் அழித்தார். மூலையில் ஒரு பொட்டு மை நிற்கவும் விடாமல், துணியை மடித்து மடித்துத் துடைத்தார். அது கையோடு வந்த பழக்கம். முயல்? என்று எழுதிக் காட்டிச் சிரித்தார். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. அவளும் சிரிக்கத் தொடங்கி, நடுவில் உடைந்து போனாள்.

“அப்பா, கோபிஷா வீடியோ அனுப்பினவள். நான் திரும்பிப் பாத்திருக்கோணும். கோட்டை வரைக்கும் வந்திருக்கோணும். பூச்சு என்ன பூச்சு. கடையில வாங்கியிருக்கலாம். ஒரு வெள்ளைக் கடுதாசியில கீறியிருக்கலாம்.”

யோகலிங்கம் அவளை அழ விட்டார். பிறகு பலகையை எடுத்து, ஆறுதலாக, நல்ல எழுத்தில் எழுதித் திருப்பிக் காட்டினார். றெயின் பிடிச்சனியோ?

“ஓம் அப்பா,” என்றாள். “பிடிச்சிட்டன்.”

அவர் திருப்தியோடு தலையை ஆட்டினார். அன்றைக்குக் கம்பியைப் பிடித்து நின்றவருக்கு அந்தக் கவலைதான் மிச்சமாக இருந்திருக்கிறது.

ஏழு மணிக்குப் பார்வையாளர் நேரம் முடிந்தது. மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு, “போட்டு வாறன் அப்பா,” என்று சொல்லிவிட்டுக் கதவு வரை நடந்தாள். கதவில் கை வைத்தவள் நின்றாள். பின்னால் சத்தம் எதுவும் இல்லை. இனி இருக்கப் போவதும் இல்லை. அவள் திரும்பிப் பார்த்தாள்.

அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பலகையைத் தேடவில்லை. வாயைத் திறந்து, நடுவில் கொஞ்சம் இழுத்து, கடைசியில் மெல்ல இறக்கி, அவள் பெயரைச் சொன்னார். உதடு மட்டும் அசைந்தது.

“ஓம் அப்பா,” என்றாள் நிலோஜினி.